கனடாப் போனும் காலி வீதி வேகமும்

நம்பிக்கைகளும் உண்மைகளும்

கைத்தொலைபேசி விடயத்தில் இலங்கை பின்தங்கி நின்ற நாடு அல்ல. 1989இல் செல்டெல் நிறுவனம் இங்கே சேவையைத் தொடங்கியபோது தெற்காசியாவில் வேறெங்கும் அப்படியொரு வலையமைப்பு இருக்கவில்லை. 2006 ஓகஸ்டில் டயலொக் தொடங்கிய 3ஜி சேவையும் இப்பிராந்தியத்தில் முதலாவது. 2007 டிசெம்பரில் மொபிடெல் 3.5ஜியைக் கொண்டுவந்தது. சென்னையில் பிஎஸ்என்எல் 3ஜி தொடங்கியது 2009 பெப்ரவரியில்தான். புதிய தொழில்நுட்பம் எதுவும் இந்தியாவுக்கு வந்த பிறகே நமக்கு வரும் என்ற எண்ணத்தை இந்த ஆண்டுகளே மறுத்துவிடும்.

வேகம் முதலில் வந்தது. அதைப் பற்றிய விளக்கம் கூடவே வரவில்லை. கொழும்பில் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் பல வீடுகளுக்கு முதல் 3ஜி போன் கடையிலிருந்து வரவில்லை. ரொறன்ரோவிலோ லண்டனிலோ இரவுவேலை செய்த ஓர் அண்ணனோ சித்தியோ அனுப்பியது அது. அப்படி வந்த போன் இங்கே வேலை செய்யாதபோது வீட்டார் போனைக் குறை சொன்னார்கள், கடைக்காரர் சிம்மைக் குறை சொன்னார், உண்மைக் காரணத்தை யாரும் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் வேர்விட்ட நம்பிக்கைகள் 4ஜி, 5ஜி என்று எண்ணை மட்டும் மாற்றிக்கொண்டு இன்றும் உலவுகின்றன. உழைத்த காசு வீணாகும் இடம் இது. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விலை கூடிய போன் என்றால் வேகமும் கூடத்தான் இருக்கும்.

உண்மை: 2007இல் உலகமே பேசிய முதல் ஐபோனில் 3ஜி கிடையாது. எட்ஜ் எனப்படும் இரண்டாம் தலைமுறை வேகத்தோடு அது நின்றுவிட்டது. அதே ஆண்டில் வந்த நோக்கியா 6120 கிளாசிக் சிறிய திரையும் சாதாரண விசைப்பலகையும் கொண்ட எளிய போன். அதில் நொடிக்கு 3.6 மெகாபிட் வரை இறக்கக்கூடிய எச்எஸ்டிபிஏ எனப்படும் 3.5ஜி வசதி இருந்தது. பலர் ஆசைப்பட்டு வாங்கிய நோக்கியா என்73இல் 3ஜி உண்டு, எச்எஸ்டிபிஏ இல்லை. அதன் உச்சம் 384 கிலோபிட். புறக்கோட்டைக் கடைகளில் குவிந்திருந்த இரட்டை சிம் சீனப் போன்களுக்கு அகலத் தொடுதிரையும் உரத்த ஒலிபெருக்கியும் இருந்தன, ஆனால் பெரும்பாலானவை வெறும் ஜிஎஸ்எம், அதாவது 2ஜி, போன்கள். திரையின் அளவும் விலைச்சீட்டும் வேகத்தைச் சொல்லமாட்டா. உள்ளே எந்த வானொலிப் பகுதி இருக்கிறது என்பதே சொல்லும்.

நம்பிக்கை 2: கனடாவில் 3ஜி ஓடிய போன் கொழும்பிலும் ஓடும்.

உண்மை: மிக அதிகமான ஏமாற்றத்தைத் தந்த நம்பிக்கை இதுதான். 3ஜி என்பது ஒரே பெயர், ஆனால் எல்லா நாட்டிலும் ஒரே அலைவரிசை அல்ல. இலங்கையில் 3ஜி தொடங்கியது 2100 மெகாஹேர்ட்ஸில். பிரித்தானியா, ஐரோப்பிய நாடுகள், இந்தியா ஆகியவற்றிலும் அதுவே. கனடாவின் ரொஜர்ஸும் அமெரிக்காவின் ஏடி அன்ட் டியும் 3ஜிக்குப் பயன்படுத்தியவை 850, 1900 மெகாஹேர்ட்ஸ். வட அமெரிக்காவுக்கென்றே செய்யப்பட்ட போனில் 2100ஐக் கேட்கும் பகுதி இல்லாவிட்டால், காலி வீதியில் கோபுரத்தின் அடியில் நின்றாலும் அந்தப் போனுக்கு 3ஜி கிடைக்காது. பேச்சும் குறுஞ்செய்தியும் நடக்கும், ஏனென்றால் ஜிஎஸ்எம் பகுதி பெரும்பாலும் உலகில் ஜிஎஸ்எம்முக்குப் பயன்படும் நான்கு அலைவரிசைகளையும் ஏற்றது. பேச முடிகிறது, ஆனால் இணையம் ஊர்கிறது. அதனால்தான் காரணம் யாருக்கும் பிடிபடவில்லை.

நோக்கியா என்95 இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. பொதுச் சந்தைக்கு வந்த வடிவம் 2100இல் இயங்கியது. அமெரிக்கச் சந்தைக்கான என்95-3 இயங்கியது 850இலும் 1900இலும். வெளித்தோற்றத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. பற்றரியைக் கழற்றினால் அடியில் உள்ள ஒட்டுச்சீட்டில் முதலாவதற்கு ஆர்எம்-159 என்றும் மற்றதற்கு ஆர்எம்-160 என்றும் இருக்கும். அந்தச் சிறிய எண் வித்தியாசம் ஒரு மாதச் சம்பளத்தின் பயனைத் தீர்மானித்தது.

இதில் இன்னொரு பொறியும் உண்டு. வட அமெரிக்காவின் சில நிறுவனங்கள் 1700/2100 என்ற இணையைப் பயன்படுத்தின. பெட்டியில் 2100 என்ற எண்ணைக் கண்டதும் நமக்கு நம்பிக்கை வந்துவிடும். அங்கே போன் அனுப்புவது 1700இல், வாங்குவது மட்டுமே 2100இல். நம் நாட்டிலோ அனுப்புவது 1920க்கும் 1980க்கும் இடையில், வாங்குவது 2110க்கும் 2170க்கும் இடையில். பாதிப் பொருத்தம் போதாது.

நம்பிக்கை 3: அன்லொக் செய்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்.

உண்மை: ஒப்பந்தத்தில் மலிவாகத் தரப்படும் போனில் மற்ற நிறுவனங்களின் சிம் வேலை செய்யாதபடி பூட்டு போடப்பட்டிருக்கும். அன்லொக் அதை மட்டும் நீக்குகிறது. பூட்டைத் திறக்கும் சாவி வீட்டுக்குப் புதிய அறையைக் கட்டித் தராது; இல்லாத அலைவரிசையையும் எந்த மென்பொருளாலும் சேர்க்க முடியாது. 2008இல் வந்த ஐபோன் 3ஜியில் 850, 1900, 2100 மூன்றும் இருந்தன, அதற்குத் தேவைப்பட்டது பூட்டுத் திறப்பு மட்டுமே. என்95-3க்குப் பூட்டே இல்லாவிட்டாலும் இங்கே 3ஜி இல்லை. அன்லொக்குக்குக் காசு கொடுக்கும் முன்பு அலைவரிசையைப் பாருங்கள். அது பொருந்தாவிட்டால் கொடுக்கும் காசு பேச்சுக்கு மட்டும்தான்.

நம்பிக்கை 4: வேகம் மாறினால் சிம்மும் நம்பரும் மாற வேண்டும்.

உண்மை: 3ஜி தரநிலை பழைய 2ஜி சிம்மையும் ஏற்க இடம் தந்தது. நிறுவனம் அனுமதித்தால் பழைய சிம்மே போதும். 4ஜியில் நிலைமை வேறு. அதற்கு யூசிம் என்ற புதிய வகைச் சில்லு கட்டாயம். 2013இல் இங்கே 4ஜி வந்த பிறகு பழைய சிம்மையே வைத்திருந்தவர்கள் புதுப் போனிலும் 3ஜியையே கண்டார்கள். இப்படிச் சிம்மை மாற்றும்போது நம்பர் மாறாது. தேசிய அடையாள அட்டையோடு நிறுவனத்தின் கிளைக்குப் போனால் அதே 077ஐ, அதே 071ஐப் புதுச் சிம்மில் தருவார்கள். நம்பர் போய்விடும் என்று பயந்து மெதுவான இணையத்தோடு காலம் தள்ளும் முதியவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும்.

நம்பிக்கை 5: இணைய செட்டிங் போடுவது கடைக்காரருக்கு மட்டும் தெரிந்த வேலை.

உண்மை: போன் இணையத்துக்குள் நுழையும் வாசலுக்கு ஏபிஎன் என்று பெயர். நிறுவனம் தரும் சில எழுத்துகள்தான் அது. அவற்றைச் சிறிய எழுத்தில், இடைவெளி விடாமல், சொன்னபடியே பதிந்தால் போதும். அன்றும் வாடிக்கையாளர் சேவையை அழைத்தால் செட்டிங்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். சேமித்துப் போனை ஒருமுறை அணைத்துப் போட்டால் வேலை முடிந்தது. இன்றைய போன்கள் சிம்மைப் பார்த்துத் தாமே பதிந்துகொள்கின்றன. வெளிநாட்டிலிருந்து வந்த போன் சிலவேளை பழைய நாட்டின் ஏபிஎன்னையே பிடித்துக்கொண்டிருக்கும், அதை மட்டும் கையால் மாற்ற வேண்டும்.

அந்தக் காலத்தில் குழப்பம் வந்ததற்கு நியாயமான காரணம் இருந்தது. ஒரே போனில் வப், இணையம், படச்செய்தி என்று மூன்று தனித்தனி அமைப்புகள் இருந்தன. வப் என்பது சிறிய பக்கங்களுக்காக இடைக்கணினி ஒன்றின் வழியே போகும் குறுகிய பாதை. வப் அமைப்பைப் போட்டுவிட்டு முழு இணையத்தளத்தைத் திறக்க முயன்றவர்களுக்கு அது திறக்கவில்லை, அல்லது உடைந்து வந்தது. போனின் நெட்வேர்க் தெரிவில் ஜிஎஸ்எம் மட்டும் என்று வைத்திருந்தவர்களுக்கு எத்தனை செட்டிங் போட்டும் 3ஜி வரவில்லை. இந்த இரண்டையும் பார்க்கச் சில நிமிடங்கள் போதும்.

நம்பிக்கை 6: 3.6 என்று போட்டிருந்தால் அந்த வேகம் கைக்கு வரும்.

உண்மை: அந்த எண் மெகாபிட், நாம் பாட்டையும் படத்தையும் அளப்பது மெகாபைட்டில். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆகவே 3.6 மெகாபிட் என்பது நொடிக்கு 0.45 மெகாபைட். 4 மெகாபைட் பாடல் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பழைய 2ஜி இணையமான ஜிபிஆர்எஸ் நொடிக்கு 40 கிலோபிட் தந்தால் அது இறங்கப் பதின்மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். 384 கிலோபிட் 3ஜியில் ஏறக்குறைய 83 நொடி. 3.6 மெகாபிட் முழுதாகக் கிடைத்தால் 9 நொடி.

முழுதாகக் கிடைப்பது அரிது. ஒரு கோபுரத்தின் வேகத்தை அதன் எல்லைக்குள் இருக்கும் எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறோம். காலி வீதிக்கும் மரைன் டிரைவுக்கும் இடையில் அடுக்குமாடிகள் நெருங்கி நிற்கும் வெள்ளவத்தையில் மாலையானால் அந்தப் பங்கு சிறுக்கும். 3ஜிக்கே உரிய இன்னொரு தன்மையும் உண்டு. பயன்படுத்துவோர் கூடக்கூட அந்தக் கோபுரத்தின் 3ஜி எட்டும் தூரமே குறுகிவிடும். காலையில் படுக்கையறையில் 3ஜியை நன்றாக எடுத்த போன், இரவு எட்டு மணிக்கு அதே இடத்தில் எட்ஜுக்கு இறங்கியது இதனால்தான், போனில் பழுதில்லை. அதோடு 2100 மெகாஹேர்ட்ஸ் அலை 900ஐப் போலக் கொங்கிரீட் சுவரை ஊடுருவாது. யன்னலோரம் போய் நின்றால் வேகம் திரும்பியதை நம்மவர்கள் அனுபவத்தில் கண்டுபிடித்தார்கள். அது சரியான கண்டுபிடிப்பு.

நம்பிக்கை 7: 3ஜி இருந்தால் யாரையும் முகம் பார்த்துப் பேசலாம்.

உண்மை: முதல் விளம்பரங்கள் வீடியோ கோலையே முன்னே வைத்தன, மக்களும் அதையே நம்பி வாங்கினார்கள். அந்த வீடியோ கோல் 64 கிலோபிட் தனி இணைப்பில் நடந்தது. அழைப்பவர், அழைக்கப்படுபவர் இருவரிடமும் 3ஜி போன் வேண்டும், இருவரும் 3ஜி எல்லைக்குள் இருக்க வேண்டும்.

இந்த நிபந்தனை நம்மவர்களுக்கு எவ்வளவு பெரியது என்பதைச் சொல்லியாக வேண்டும். கொழும்புக்கு 3ஜி வந்த அதே 2006 ஓகஸ்டில்தான் முகமாலையில் சண்டை மூண்டு ஏ9 பாதை மூடப்பட்டது. வெள்ளவத்தை அறைகளில் தங்கியிருந்தவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் இருந்த தாய் தகப்பனைப் போய்ப் பார்க்கும் தரைவழி இல்லாமல் போனது. அவர்களுக்கு முகம் காட்டும் போன் ஆடம்பரமாகத் தோன்றவில்லை, அவசியமாகத் தோன்றியது. 3ஜியோ முதலில் கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் தாண்டவில்லை. வெள்ளவத்தையிலிருந்து கொட்டாஞ்சேனைக்கு முகம் பார்த்துப் பேச முடிந்தது, முகம் பார்க்க ஏங்கிய இடத்துக்கு முடியவில்லை. விற்பவர்கள் இதை முதலிலேயே சொல்லியிருந்தால், பலர் அந்தக் காசை வேறு தேவைக்கு வைத்திருப்பார்கள். பின்னாளில் ஸ்கைப்பும் வைபரும் இந்தத் தனி இணைப்பைத் தேவையற்றதாக்கின. இணையம் இருக்கும் இடமெல்லாம் முகமும் வந்தது.

நம்பிக்கை 8: 3ஜி போட்டால் பற்றரி தீரும், காசும் வெட்டும்.

உண்மை: இதில் பாதி சரி. 3ஜி பழைய ஜிஎஸ்எம்மைவிட மின்சாரம் அதிகம் குடித்தது. முதல் என்95இன் பற்றரி வெறும் 950 மில்லியம்பியர் மணி. சமிக்ஞை குறைந்த அறையில் போன் 3ஜிக்கும் 2ஜிக்கும் மாறி மாறித் தேடும்போதே அது அதிகம் தீர்ந்தது. அத்தகைய இடத்தில் 2ஜிக்கு மாற்றி வைத்தது நல்ல பழக்கம். ஆனால் காசு வெட்டியது 3ஜி அல்ல. கிலோபைட் கணக்கில் கட்டணம் இருந்த காலத்தில், பின்னணியில் தானாக இணையும் செயலிகளே ரீலோட்டைக் கரைத்தன. 2ஜியிலும் அதே படம் அதே கிலோபைட்தான். டேட்டா பொதி போடாமல் இணையத்தைத் திறந்து வைப்பதுதான் இன்றும் இழப்புக்கு வழி.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. கடைக்குள் நுழையும் முன்பு, அல்லது வெளிநாட்டு உறவுக்கு "வாங்கி அனுப்புங்கோ" என்று சொல்லும் முன்பு, போனின் பெயரை மட்டுமல்ல, முழு மாதிரி எண்ணையும் கேளுங்கள். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வெவ்வேறு மாதிரிகள் விற்கப்படுகின்றன. அந்த எண்ணுக்குரிய அலைவரிசைப் பட்டியலில் உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசை இருக்கிறதா என்று பாருங்கள். 4ஜி இங்கே 1800 மெகாஹேர்ட்ஸில் தொடங்கியது, அது இல்லாத போனைத் தவிருங்கள். ஒப்பந்தப் பூட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். போனில் *#06# அழுத்தினால் வரும் 15 இலக்க ஐஎம்ஈஐ எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். குறுஞ்செய்தியில் ஐஎம்ஈஐ என்று ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு, அந்த எண்ணை 1909க்கு அனுப்பினால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் பதிவில் அது இருக்கிறதா என்று தெரியும்.

பிறகு உங்கள் சொந்தச் சிம்மைப் போட்டு, கடையின் வைஃபையை அணைத்து, ஓர் இணையப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். இணையம் வந்த பின்பே காசு கொடுங்கள். மாதிரி எண்ணையும் ஐஎம்ஈஐயையும் உத்தரவாதத்தையும் பில்லில் எழுதி வாங்குங்கள். சொன்னதும் விற்றதும் வேறாக இருந்தால் அந்தப் பில்லோடு நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழைக்கலாம். கேள்வி கேட்பதால் கடைக்காரருக்கு அவமரியாதை எதுவும் இல்லை. நேர்மையான வியாபாரி அதை விரும்பவே செய்வார். பதில் சொல்லத் தயங்கும் கடையிலிருந்து வாங்காமல் வெளியே வாருங்கள்.