எச்சில் வேண்டாத உறை

சாதாரண உறையின் பசை டெக்ஸ்ட்ரின் போன்ற மாவுப் பொருளால் ஆனது. ஈரம் பட்டால்தான் இளகி ஒட்டும். தானே ஒட்டும் உறையிலோ மடிப்பிலும் முதுகிலும் இரப்பர் பால் பூசப்பட்டிருக்கும். உலர்ந்த இரு பூச்சுகளையும் சேர்த்து அழுத்தினால், ஐசோபிரீன் அலகுகளாலான நீண்ட மூலக்கூறுகள் ஒன்றினுள் ஒன்று ஊடுருவிப் பின்னிக்கொள்கின்றன. விரலில் அவ்வளவாக ஒட்டாத அப்பூச்சு, தன்னினத்தோடு இறுகப் பற்றுகிறது.

சைக்கிள் டியூபும் இரப்பர்தானே, அது ஏன் ஒட்டவில்லை என நண்பர்கள் வினவலாம். அதில் கந்தகம் மூலக்கூறுகளைக் குறுக்கே பிணைத்துவிடுவதால் அவை நகர இயலாது.

வெப்பமும் காற்றின் ஆக்சிஜனும் நாளடைவில் இவ்வுறையின் ஒட்டுந்தன்மையைக் கெடுக்கும். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்தவன் நான். வேலைக்கு அனுப்பும் சான்றிதழ் நகல் வழியில் நழுவினால் என் போன்றோர்க்கு இழப்பு பெரிது. ஆகவே, பழைய கட்டிலிருந்து ஓர் உறையை ஒட்டிச் சோதித்த பின்னரே மற்றவற்றைப் பயன்படுத்துவோம். ஐயமிருப்பின் பசை தடவுவோம்.