ஆறுதலாக முடிவெடு, பிள்ளை

யாழ்ப்பாணம்
ஞாயிற்றுக்கிழமை

என் அன்புப் பிள்ளைக்கு,

போன கிழமை அம்மா எடுத்துக் கதைத்ததிலிருந்து உனக்கு எழுத வேண்டும் என்றே மனம் ஓடிக்கொண்டிருக்கிறது. வங்கி வேலையை விடப் போகிறாயாம். ஹோலிஸ்டிக் கவுன்சலிங் படிக்கப் போகிறாயாம். ஒன்று இரண்டரை வருச முதுமாணிப் படிப்பு, மற்றது வீட்டில் இருந்தபடியே எட்டு மாதத்தில் இணையவழியில் முடிகிற சான்றிதழ். நீ அந்த எட்டு மாதத்தின் பக்கம் சாய்ந்து நிற்பதாக அம்மா சொன்னாள். அப்பா இரண்டும் வேண்டாம் என்கிறார். நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. அதில் எனக்குக் கோபம் இல்லை. சொன்னால் நான் என்ன கேட்பேன் என்று உனக்குத் தெரியும்தானே.

இதைப் படிக்காதே என்று நான் எழுதவில்லை. நம் வீட்டிலிருந்து ஒரு பிள்ளை இந்த வேலைக்கு வருவது எனக்குப் பெருமை. அப்பாவுக்கும் அதைத்தான் சொன்னேன். எந்த வழியால் போகப் போகிறாய் என்பதுதான் என் யோசனை. முடிவு உன்னுடையது.

உடம்பு, மூச்சு, குடும்பம், கடவுள் நம்பிக்கை எல்லாவற்றையும் சேர்த்து ஆளைப் பார்க்கிற முறை என்று அந்த விளம்பரத்தில் இருந்ததை அம்மா வாசித்துக் காட்டினாள். அதோடு எனக்கு வழக்கில்லை. நான் வேலை செய்த சாந்திகம் உளவளத்துணை நிலையத்தில் நாங்கள் செய்தது அதுதான். எங்களிடம் வந்த சனம் மனம் சரியில்லை என்று சொல்லிக்கொண்டு வரவில்லை. தலையிடி, நெஞ்செரிவு, உடம்பெல்லாம் உளைவு, கைகால் விறைப்பு என்றுதான் வந்தார்கள். அதைத் தட்டிக் கழிக்காமல், உடம்பால் சொல்கிறவரை உடம்பு வழியாகவே அணுகப் பழக்கியவர் உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம். சைவ ஆட்களுக்கு ஓம், வேதக்கார ஆட்களுக்கு யேசுவின் பெயர், முஸ்லிம் ஆட்களுக்கு சுபஹானல்லாஹ் என்று அவரவர் நாவில் ஏற்கெனவே இருந்த சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தோம். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், எண்ணெய் பூசி உருவிவிடுவது எல்லாம் இருந்தன. அவருடைய ‘மனவடு’ கைநூல் என்னிடம் இன்னும் இருக்கிறது. 1998இல் அவருடைய ‘ஸ்கார்ட் மைண்ட்ஸ்’ ஆங்கிலத்தில் வந்த பிறகு, எங்கள் ஊர்ச் சனத்தின் நோவை வெளியுலகமும் வாசித்தது. ஆகவே இந்த முறையை நான் குறைவாக நினைக்கிறேன் என்று எண்ணாதே.

அதைச் செய்தவள் என்பதால்தான் பயப்படுகிறேன். ஒருவரை ஆற்றுகிற அதே மூச்சுப் பயிற்சி இன்னொருவரை மீண்டும் பங்கருக்குள் கொண்டுபோய் விடும். கண்ணை மூடச் சொன்னவுடன் ஷெல் சத்தம் கேட்டு எழுந்து ஓடுகிற ஆட்கள் இருந்தார்கள். அவர்களுக்குக் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு, காலை நிலத்தில் ஊன்றி, அறையில் உள்ள பொருட்களைப் பார்க்கச் சொல்ல வேண்டும். இதை யார் உனக்குக் காட்டித் தருவது? தைரொய்ட் குறைந்தால் அது மனச்சோர்வு மாதிரியே வரும். இரத்தப் பரிசோதனைக்கு அனுப்பத் தெரியாமல் ஆறு மாதம் தியானம் பழக்கினால் அந்த ஆளின் ஆறு மாதம் வீண். மனப்பிறழ்வு தொடங்குகிற வயதில் ஒரு பெடியன் வந்து, தனக்குத் தெய்வம் கதைக்கிறது என்று சொன்னால், அது ஆன்மிகமா நோயா என்று பிரித்தறியவும், கெதியில் வைத்தியரிடம் அனுப்பவும் தெரிய வேண்டும். முழு மனிதரையும் தொடுகிற முறைக்குப் பயிற்சி கூடத்தான் வேண்டும். கொஞ்சம் குறைத்துப் படித்தாலும் காணும் என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை.

மாமாவை நினைத்துப் பார். 1995 யாழ்ப்பாண இடப்பெயர்வுக்குப் பிறகு அவரை எத்தனை பேர் ஆற்றுகிறோம் என்று தொட்டார்கள், ஒருவராவது பொறுப்பெடுத்தார்களா? தெல்லிப்பழை மனநல விடுதிக்குக் கொண்டுபோகும்வரை நடந்தவை அம்மாவுக்கும் எனக்கும் தெரியும்.

சுனாமிக் காலத்துக் கதையையும் சொல்லியே ஆகவேண்டும். அம்மாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன், நீயும் கேட்டிருப்பாய். 2004 மார்கழிக்குப் பிறகு வடமராட்சி கிழக்கு முகாம்களுக்கு ஒரு வெளிநாட்டு நிறுவனம் வந்தது. பெயர் எழுதவில்லை. ஏ.எல். முடித்த பிள்ளைகளைச் சேர்த்து ஐந்து நாள் வகுப்பு, ஒரு சான்றிதழ், ஒரு ரீசேட். ஆறாம் நாள் அவர்கள் உளவளத்துணையாளர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாரிடம் போய் அலை வந்த நேரத்திலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொன்னார்கள். தாய் சொல்லி முடித்துக் குலுங்கி அழும்போது படிவத்தை நிரப்பிக்கொண்டு அடுத்த கூடாரத்துக்குப் போனார்கள். அப்படி ஒரே இருப்பில் துருவிக் கேட்பதால் பயன் இல்லை, சிலருக்குக் கெடுதலும் செய்யும் என்று ஆராய்ச்சிகள் அதற்கு முன்னரே சொல்லியிருந்தன. அவர்கள் அதை வாசித்திருக்கவில்லை. கொஞ்சக் காலத்தில் நிறுவனம் மூட்டை கட்டிவிட்டது. பிறகு அந்தப் பெண்கள் எங்களிடம் வந்தபோது வாய் திறக்கவே பயந்தார்கள். வகுப்புக்குப் போன பிள்ளைகளிலும் சிலர் நித்திரை இல்லாமல், சாப்பாடு இறங்காமல் எங்களிடமே வந்தார்கள். பாவம், இருபது வயதுப் பிள்ளைகள். ஒவ்வொரு நாளும் கேட்டதை இறக்கி வைக்க மேலே ஒரு ஆள் இல்லை. இருபது வருசத்துக்கு மேலாகியும் எனக்கு இது ஆறவில்லை. எட்டு மாதச் சான்றிதழ் என்று அம்மா சொன்னவுடன் அந்தப் பிள்ளைகளின் முகம்தான் வந்தது.

நீ இருக்கிற கனடாவின் ஒன்ராறியோவில் அப்படி நடக்காமல் இருக்கச் சட்டம் இருக்கிறது. 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி உளச்சிகிச்சையாளர்களுக்கு ஒரு பதிவுச் சபை 2015 சித்திரை முதலாம் திகதி வேலை தொடங்கியது. அதில் பதியாமல் நீ சைக்கோதெரப்பிஸ்ட் என்று பெயர்ப்பலகை போட முடியாது. ஹீலர் என்றோ கோச் என்றோ போடலாம், ஆனால் கடுமையான மனநோய் உள்ளவருக்கு உளச்சிகிச்சை செய்ய இப்போது அந்தப் பலகை போதாது. முழுப் பதிவுக்கு, சோதினையோடு, ஆட்களை நேரே பார்த்த 450 மணித்தியாலமும் மேற்பார்வையில் இருந்த 100 மணித்தியாலமும் காட்ட வேண்டும். தனித்து வேலை செய்ய அது 1000உம் 150உம் ஆகிறது. எனக்கு அந்த மேற்பார்வை மணித்தியாலங்கள்தான் முக்கியம். உன் பிழையை உனக்கு முன் காண்கிற ஒரு ஆள் பக்கத்தில் இருக்கிறார் என்பதுதான் அதன் பொருள். உடம்பு வழியான சிகிச்சையையும் அந்தச் சபை ஏற்றுக்கொள்கிறது, ஆகவே நீ விரும்புகிறதை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. நீ பார்த்து வைத்திருக்கிற படிப்பு சபை ஏற்ற பட்டியலில் இருக்கிறதா என்று நீயே தேடு. படிக்கிற காலத்தில் ஆட்களை நேரே பார்க்க விடுவார்களா, மேற்பார்வை யார் என்று கேள். பதிவைப் பற்றிப் பிறகு யோசிக்கலாம் என்று பதில் வந்தால் தொலைபேசியை வை.

காசுக் கணக்கும் இருக்கிறது. உளச்சிகிச்சையாளரிடம் போனால் ஓகிப் என்கிற உங்கள் அரச மருத்துவக் காப்புறுதி காசு கட்டாது. வேலையிடத்துக் காப்புறுதியில்தான் நம் சனம் வரும், காப்புறுதிக்காரர் பதிவு இலக்கம் கேட்பார்கள். இலக்கம் இல்லாவிட்டால் காசு உள்ளவர்கள் மட்டும்தான் உன்னிடம் வருவார்கள். ஸ்காபரோவில் இரண்டு வேலை செய்கிற தாய் வரமாட்டாள். நீ அவளுக்காகத்தானே படிக்க நினைக்கிறாய்?

அவள் வந்தாலும் லேசில்லை. காலையில் உன் முன் அழுதவளைப் பின்னேரம் கோயிலில் காண்பாய். அவளுடைய மாமியார் உன் அம்மாவோடு ஒரே சீட்டுப் பிடிப்பவளாக இருப்பாள். பதினாறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்கு வீட்டில் அடி உதை என்று தெரிந்தால் நீ அறிவித்தே ஆகவேண்டும், சட்டம் அப்படி. அறிவித்தால் ஊர் உன்னை என்ன சொல்லும் என்றும் உனக்குத் தெரியும். அந்த நேரத்தில் யாரைக் கேட்பாய்?

இன்னொன்று. எழுதுவதா விடுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இந்த எண்ணம் உனக்கு உன் அண்ணாவுக்கு நடந்ததற்குப் பிறகு வந்தது. அதில் ஒரு குற்றமும் இல்லை, எங்களில் பலர் அப்படித்தான் இந்த வேலைக்கு வந்தோம். ஆனால் நல்ல படிப்பு உன்னை முதலில் மற்றக் கதிரையில் இருத்தும். நீ உன் கதையை ஒருவரிடம் சொல்லி, அது எங்கே நோகும் என்று தெரிந்துகொண்ட பிறகுதான் அடுத்தவர் கதையை எடுக்க விடும். தன்னை அறிந்து தன்னைப் பாதுகாப்பாகப் பயன்படுத்துவதையும் அந்தச் சபை ஒரு தகைமையாகவே கேட்கிறது. அண்ணாவின் வயதில் ஒரு பெடியன் வந்து உன் முன் இருக்கும் நாள் வரும். அன்றைக்கு நீ தனியே இருக்கக் கூடாது. இப்போது நித்திரை கொள்கிறாயா? அம்மா கேட்டால் ஓம் என்பாய். எனக்கு உண்மையை எழுது.

நெடுகப் புத்தி சொல்லிவிட்டேன், கோபிக்காதே. சின்ன வயதிலேயே மற்றப் பிள்ளை அழுதால் பக்கத்தில் போய் ஒன்றும் பேசாமல் இருப்பாய். அதை ஒருவரும் உனக்குப் பழக்கவில்லை. உன்னைப் போன்ற ஒரு பிள்ளை அந்தக் காலத்தில் எங்களோடு இருந்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அடிக்கடி நினைப்பேன். நீ எதை எடுத்தாலும் என் பிள்ளைதான், எதைச் செய்தாலும் வடிவாகச் செய்வாய். வேலையை விட்டாலும் விடாவிட்டாலும் பெரியம்மாவுக்கு உன்னில் ஒரு குறையும் இல்லை. அப்பாவோடு நான் கதைக்கிறேன், நீ அவரோடு சண்டை பிடிக்காதே.

வறுத்த மிளகாய்த்தூளும் ஒடியல் மாவும் கட்டி வைத்திருக்கிறேன், வாற மாதம் அங்கே வருகிற ஆளிடம் கொடுத்து விடுவேன். முதுமாணிக்கு என்றால் முதல் தவணைக் காசில் ஒரு பங்கு என்னுடையது. அதைச் சின்னக்காவிடம் ஏற்கெனவே கொடுத்து வைத்துவிட்டேன், வேண்டாம் என்று சொல்லாதே.

நிறைய அன்புடன்,
உன் பெரியம்மா