நடக்க நேரம் எங்கே?

கேள்வி: வயது 42. குரோம்பேட்டையிலிருந்து எழும்பூருக்கு மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். எடை ஏறிக்கொண்டே இருக்கிறது. ஜிம்முக்குப் போக நேரமே இல்லை. என்ன செய்வது?

பதில்: ஜிம் இல்லாவிட்டால் பரவாயில்லை. உங்களுக்கு ரயில் இருக்கிறது. வீட்டிலிருந்து ஸ்டேஷனுக்கும், எழும்பூரில் இறங்கி அலுவலகத்துக்கும் ஷேர் ஆட்டோ ஏறாமல் நடங்கள். போக, வர தினம் 30 நிமிடம் நடந்தால் ஐந்து நாளில் 150 நிமிடம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் குறைந்தபட்ச அளவு அதுதான். தொடர்ந்து 10 நிமிடமாவது நடந்தால்தான் கணக்கு என்ற பழைய நிபந்தனையையும் 2020-இல் எடுத்துவிட்டார்கள். துண்டு துண்டாக நடந்தாலும் பலன் உண்டு. ஆனால் வேகம் வேண்டும்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

சாப்பாட்டில் முதலில் டீயைப் பாருங்கள். டீக்கு இரண்டு ஸ்பூன், நாளைக்கு நான்கு டீ என்றால் சர்க்கரை மட்டுமே சுமார் 32 கிராம். 25 கிராமுக்குள் இருப்பது நல்லது. நாலு மணி பஜ்ஜிக்குப் பதில் ஒரு கிண்ணம் சுண்டல். மதிய டப்பாவில் சாதத்தைக் குறைத்து, அந்த இடத்தில் கீரையோ பொரியலோ கூடுதலாக வையுங்கள். சாதத்தை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அப்படி நிறுத்தியவர்கள் பெரும்பாலும் அதை நீண்ட நாள் தொடர்வதில்லை.

நாற்பதுக்கு மேல் தசை குறையும். வாரம் இரண்டு நாளாவது, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருங்கள், தொடை வலிக்கும்வரை. எடை ஏறிக்கொண்டே இருப்பதால், தைராய்டு, சர்க்கரை பரிசோதனைகளை இந்த வாரமே செய்துவிடுங்கள்.