பக்கவாதம் வந்த அப்பாவின் பல் பராமரிப்பு

கேள்வி: என் அப்பாவுக்கு 63 வயது. ஐந்து மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சும் சரியாக வரவில்லை. நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலை பார்க்கிறேன்; பகலில் அம்மாதான் கவனித்துக்கொள்கிறார். சில நாட்களாக அப்பாவின் வாயில் கெட்ட வாடை அடிக்கிறது, ஈறில் ரத்தம் கசிகிறது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுகிறார். வாயைத் திறக்கச் சொன்னால் அடம் பிடிக்கிறார். பல் டாக்டரிடம் இப்போதே காட்டலாமா, உடம்பு தேறும்வரை பொறுக்கலாமா?

- வாசகர், கும்மிடிப்பூண்டி

பதில்: பொறுக்க வேண்டாம், இந்த வாரமே காட்டுங்கள். அப்பாவுக்கு வாயில் வலி இருக்கலாம். பேச முடியாதவர் அதைத் தட்டைத் தள்ளித்தான் தெரிவிப்பார். அடம் என்று கோபிக்காதீர்கள்.

வலப்பக்கம் விழுந்தவருக்கு வலது கன்னத்திலும் உணர்ச்சி குறைந்திருக்கலாம். கன்னத்துக்கும் ஈறுக்கும் இடையே சோறு தங்கினால் அவருக்குத் தெரியாது. நாக்கால் துழாவி எடுக்கவும் வராது. டார்ச் அடித்து வலது கடைவாயைப் பாருங்கள். காலையில் தின்ற இட்லி மாலையிலும் அங்கேயே ஒட்டியிருக்கும். வாடையும் ஈறு வீக்கமும் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகின்றன.

இது பல்லோடு நிற்பதில்லை. பக்கவாதத்தில் விழுங்கும் திறன் குறைந்தால், வாயில் பெருகும் கிருமிகள் எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியா வரலாம். ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஆய்வு ஒன்று 2002-இல் வெளியானது. வாய்ப் பராமரிப்பு கிடைக்காதவர்களில் 19 சதவீதம் பேருக்கு நிமோனியா வந்தது. சாப்பாட்டுக்குப் பின் பிறர் பல் துலக்கிவிட்டவர்களில் 11 சதவீதம் பேருக்குத்தான் வந்தது. மாத்திரை கொடுப்பதைப் போல இதையும் சிகிச்சையாகவே நினையுங்கள்.

அப்பாவை நாற்காலியில் நிமிர்ந்து உட்காரவைத்து, முகவாயைச் சற்றுத் தாழ்த்துங்கள். உட்கார முடியாத நாளில் ஒருக்களித்துப் படுக்கட்டும். மல்லாந்த நிலையில் துலக்கவே கூடாது. கன்னத்தை மெதுவாக விலக்கி, ஈரமான காஸ் துணியால் தங்கிய உணவை வழித்தெடுங்கள். பற்களுக்கு நடுவே விரலை விடாதீர்கள். தன்னை அறியாமல் கடித்துவிடுவார். மென்மையான பிரஷில் பட்டாணி அளவுக்கும் குறைவாக ஃபுளோரைடு பேஸ்ட் போதும், நுரை கூடினால் புரையேறும். விழுங்கச் சிரமப்படுபவரைக் கொப்பளிக்கச் சொல்லாதீர்கள். துப்பச் சொல்லி, மீதியைத் துணியால் துடைத்துவிடுங்கள். நாக்கையும் துடையுங்கள். காலையும் இரவும் செய்யுங்கள். பல் செட் இருந்தால் இரவில் கழற்றித் தண்ணீரில் போட்டுவையுங்கள்.

அவரது இடது கை நன்றாக இருக்கிறதே! பிரஷ் பிடியில் துணி சுற்றித் தடிமனாக்கி அந்தக் கையில் கொடுங்கள். முன்பற்களை அவரே துலக்கட்டும், கடைவாயை நீங்கள் பாருங்கள். தன் காரியத்தைத் தானே செய்வது அவருக்குத் தெம்பு தரும். வாய் சுத்தமாக இருந்தால் கூச்சமும் குறையும்; வாய் நாறுமோ, எச்சில் வழியுமோ என்று கூசியே பலர் வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிடுகிறார்கள்.

ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகளால் ஈறில் ரத்தம் எளிதில் கசியும். ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபினும் வலிப்புக்கான ஃபெனிடாயினும் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும். அதற்காக எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பக்கவாதம் மறுபடி தாக்கக்கூடும். மருந்துச் சீட்டைப் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். பல் பிடுங்க வேண்டியிருந்தால், பக்கவாதத்துக்குப் பார்க்கும் மருத்துவருடன் கலந்து பேசி அவர் முடிவு செய்வார்.

சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரலில் கரகரப்பு, காய்ச்சல், மூச்சிரைப்பு ஆகியவற்றில் எது வந்தாலும் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையையோ, சென்னைக் கோட்டை ரயில் நிலையத்துக்கு எதிரே உள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரியையோ அணுகலாம். உங்களுக்கு ஈ.எஸ்.ஐ. இருந்து, பெற்றோர் உங்களைச் சார்ந்திருந்தால், அவர்களுக்கும் அதில் சிகிச்சை உண்டா என்று ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதியுங்கள்.

பக்கவாத நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லோருக்கும் ஒரு வேண்டுகோள்: மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பும் அன்றே, வாயைச் சுத்தம் செய்யும் முறையைச் செவிலியரிடம் கேட்டு, ஒருமுறை உங்கள் கையால் செய்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.