சொட்டு நீர்ப் பாசனத்தில் தக்காளிக்கு உரமிடும் முறை

வாய்க்கால் வழியே நீர் பாய்ச்சிப் பழகிய குடியானவர்கள், தோட்டத்தில் சொட்டு நீர்க் குழாய்களை அமைத்துக்கொண்ட பின்னரும், உரத்தை மட்டும் பழைய வழக்கப்படியே பாத்தி முழுவதும் தூவி வருகின்றனர். பாலக்கோடு, இராயக்கோட்டை முதலிய தக்காளி விளையும் பிரதேசங்களிலும் இவ்வழக்கம் உண்டு. நீர் செல்லும் வழி மாறியபின் உரம் செல்லும் வழியும் மாறவேண்டுவது அவசியம்.

சொட்டுவானின் கீழ் ஒரு வேளை நீர் விட்டு, அதனருகே மண்வெட்டியால் வெட்டிப் பார்த்தால், ஈரம் ஒரு வெங்காயத்தின் வடிவில் நிற்பது புலப்படும். மணற்பாங்கான நிலத்தில் அது ஒடுங்கி ஆழமாயும், கரிசலில் அகன்று ஆழங்குறைந்தும் இருக்கும். வேர்களில் பெரும்பாலானவை அவ்வீரத்திற்குள்ளேயே அடங்கிவிடுகின்றன. ஆகவே காய்ந்த இடைவெளியில் தூவிய உரம் செடிக்கு எட்டுவதில்லை. அதற்கு மாறாக, முழு அளவையும் ஓரிரு தடவையில் குழாய் வழியே விட்டாலோ, தழைச்சத்து நீரோடு கலந்து வேருக்குக் கீழே இறங்கிப் போய்விடும். சிறுகச் சிறுகப் பலமுறை கொடுப்பதே தகுந்த முறை.

வீரிய ஒட்டுத் தக்காளிக்குச் சொட்டு நீரில் ஹெக்டேர் ஒன்றுக்கு 200 கிலோ தழைச்சத்தும், 250 கிலோ மணிச்சத்தும், 250 கிலோ சாம்பல் சத்தும் இடும்படி தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரை செய்துள்ளது. ஏக்கர் கணக்கில் இது முறையே 80, 100, 100 கிலோ ஆகும். மண்வள அட்டை பெற்றவர்கள் அதில் கண்டபடி இவ்வளவைக் கூட்டியோ குறைத்தோ கொள்ளலாம். அட்டையைப் பெட்டியில் பூட்டிவைப்பதால் யாதொரு பிரயோஜனமும் இல்லை.

மணிச்சத்து இட்ட இடத்தைவிட்டு எளிதில் நகராது. ஆதலால் அதில் முக்கால் பங்கை, அதாவது ஏக்கருக்கு ஏறக்குறைய 470 கிலோ சூப்பர் பாஸ்பேட்டை, மக்கிய தொழுவுரத்துடன் கலந்து, குழாய் படுக்கவிருக்கும் வரியிலேயே அடியுரமாக இடவேண்டும். எஞ்சிய கால் பங்குக்கு 12:61:0 என்னும் மோனோ அம்மோனியம் பாஸ்பேட் 41 கிலோ போதும். இதை முதல் நாற்பது நாட்களுக்குள் கொடுத்து முடிப்பது நலம். தழைச்சத்துக்கு யூரியா 163 கிலோவும், சாம்பல் சத்துக்கு நீரில் முற்றும் கரையும் சல்பேட் ஆப் பொட்டாஷ் 200 கிலோவும் தேவைப்படும்.

இவற்றை மூன்று நாட்களுக்கு ஒருமுறை விடவேண்டும். நட்டபின் முதல் பத்து நாட்களுக்கு இரண்டிலும் பத்தில் ஒரு பங்கே போதுமானது. அடுத்த முப்பது நாட்களில் செடி வளர்ந்து பூக்கத் தொடங்கும். அப்போது யூரியாவில் பத்தில் நான்கு பங்கும், பொட்டாஷில் பத்தில் இரண்டு பங்கும் சேரவேண்டும். அதாவது ஒவ்வொரு தடவைக்கும் யூரியா ஆறரை கிலோ, பொட்டாஷ் நான்கு கிலோ. பூத்துப் பிஞ்சு பிடிக்கும் அடுத்த முப்பது நாட்களில் இரண்டும் பத்தில் மூன்று பங்கு. காய் பறிக்கும் கடைசி எண்பது நாட்களில் யூரியாவைத் தடவைக்கு ஒன்றேகால் கிலோவுக்குக் குறைத்து, பொட்டாஷை மூன்று கிலோவாகத் தரவேண்டும். இக்காலத்திலும் யூரியாவை அள்ளிவிடுவோர் உளர். அவர்கள் தோட்டத்தில் இலை கரும்பச்சையாய்ச் செழித்திருக்கும். காயின் அளவு அதற்கேற்ப இராது.

ஒவ்வொரு தடவையும் முதலில் வெறும் நீர் ஓடவேண்டும். நடுவில் உரநீர், இறுதியில் மறுபடியும் வெறும் நீர். இல்லையேல் குழாயில் தங்கும் உரம் சொட்டுவான்களை அடைத்துவிடும்.

இவ்விடத்தில் என் தவறு ஒன்றையும் சொல்லவேண்டியிருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன், அடியுரமிடத் தவறிய ஒரு குடியானவருக்கு, டி.ஏ.பி.யை ஊறவைத்து வடிகட்டிக் குழாய் வழியே விடலாமென்று நானே யோசனை கூறினேன். அவர் கிணற்று நீரில் சுண்ணாம்பு அதிகம். மணிச்சத்து அதனோடு கூடி வெண்படிவாய் உறைந்து, மூன்று வாரத்தில் குழாய்களின் கடைக்கோடிச் செடிகள் வாடின. அமிலம் விட்டுக் கழுவியும் பாதிச் சொட்டுவான்கள் திறக்கவில்லை. புதுக் குழாய் வாங்கும் செலவும், ஒரு பகுதி மகசூலும் அவருக்கு நஷ்டமாயின. அதுமுதல் எவ்வுரமாயினும், விடும் அளவிலேயே கிணற்று நீரில் கரைத்து, கண்ணாடிப் புட்டியில் ஓரிரவு வைத்துப் பார்க்கும்படி சொல்லி வருகிறேன். காலையில் அடியில் வண்டல் கண்டால் அவ்வுரம் அந்த நீருக்கு ஆகாது. கால்சியம் நைட்ரேட்டை மேற்படி பாஸ்பேட்டுடனோ சல்பேட்டுடனோ ஒரே தொட்டியில் ஒருபோதும் கலக்கலாகாது. தனி நாளில் விடவேண்டும்.

மற்றொரு விஷயம், கோடை மழையைப் பற்றியது. ஈரத்தின் விளிம்பில் உப்பு சேர்ந்துகொண்டே வரும். இலேசான தூறல் விழுந்தால் அவ்வுப்பு கரைந்து வேரை நோக்கித் திரும்பும். ஆதலின் தூறும்போது குழாயை மூடிவிடாமல், உரமின்றி வெறும் நீரை விட்டுக்கொண்டிருக்கவேண்டும். நல்ல மழை பெய்து நிலம் நனைந்த பிறகே நிறுத்தலாம்.