பழைய பரிசலில் எடை கூடினால்

தென்பெண்ணையின் குறுக்கே உள்ள கிருஷ்ணகிரி அணை போன்ற நீர்த்தேக்கங்களில் மீன்பிடிக்கப் பரிசல் வசதியானது. அது பழசாகிவிட்டால், ஏற்றும் ஒவ்வொரு பொருளையும் யோசித்தே ஏற்ற வேண்டும்.

2 மீட்டர் விட்டமும் தட்டையான அடியும் உள்ள பரிசல், சுமார் 31 கிலோ ஏற்றினால் 1 சென்டிமீட்டர் தாழும். ஐஸ் பெட்டி, பேட்டரி, நனைந்த வலை எல்லாம் சேரும்போது விளிம்பு தண்ணீரை நெருங்கும், துடுப்பும் கனக்கும். தார் வெடித்த இடத்தில் மூங்கில் நீர் குடித்து, பரிசலே எடை கூடியிருக்கும்.

காலிப் பரிசலை மிதக்கவிட்டு, நீர்மட்டத்தில் பெயின்ட் கோடு போடுங்கள். பின்னொரு நாள் காலியாகவே கோடு முழுகினால், காயவைத்துத் தார் பூச வேண்டும்.

கனமானவை நடுவில், தாழ்வாக இருக்கட்டும். உள்ளே சேரும் தண்ணீரை உடனே இறைத்துவிடுங்கள். பரிசல் சாயும் பக்கமே அதுவும் ஓடிக் கவிழ்த்துவிடும். எடையைக் குறைக்கிறோம் என்று லைஃப் ஜாக்கெட்டை மட்டும் கரையில் விடாதீர்கள்.