சித்தாண்டியில் ரயிலைப் படமெடுக்கப் போகிறீர்களா?

கொழும்பு–மட்டக்களப்பு ரயில்கள் சித்தாண்டி வழியாகத்தான் ஓடுகின்றன. பச்சை வயலும் டீசல் எஞ்சினும் ஒரே படத்தில் விழ, இவற்றைக் கவனியுங்கள்.

● நேரம்: உதயதேவி ரயில் பகலில் ஓடும், படமெடுக்க ஏற்றது. நேர அட்டவணை மாறலாம். கிளம்பும் முன் 1919 என்ற தொலைபேசி இலக்கத்தில் கேளுங்கள். ரயில் தாமதமாகவும் வரும், தண்ணீர்ப் போத்தல் அவசியம்.

● வெளிச்சம்: பாதை ஏறத்தாழ வடக்கு–தெற்காகச் செல்கிறது. காலையில் கிழக்குப் பக்கமும் மாலையில் மேற்குப் பக்கமும் நில்லுங்கள். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எஞ்சின் முகம் தெளிவாக விழும்.

● ஷட்டர்: மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் ரயில் விநாடிக்கு 17 மீட்டர் நகரும். 1/100 இல் எடுத்தால் அதற்குள் 17 சென்டிமீட்டர் போய்விடும், படம் கலங்கும். 1/1000 வையுங்கள். கைபேசி என்றால் தொடர்படம் எடுங்கள்.

● ஃபிளாஷ் வேண்டாம்: சாரதியின் கண் கூசும்.

● வயல்: வரம்பில் மட்டும் நடந்து செல்லுங்கள். வெள்ளாமையை மிதிக்க வேண்டாம். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். மார்கழி மழையில் வரம்பு வழுக்கும்.

● பாதுகாப்பு: தண்டவாளத்தில் நடப்பதும் நிற்பதும் சட்டப்படி குற்றம். சல்லிக்கல் மேட்டுக்கு வெளியே, 10 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். காதில் இயர்போன் கூடாது. பிள்ளைகளின் கையை விடாதீர்கள். எந்தப் படமும் ஓர் உயிருக்கு ஈடாகாது.